எஸ்.எஸ்.பி. முரண்டு பிடித்தால்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

"புரோட்டீன் செத்துப்போச்சு" என்பது ஆய்வகங்களில் ரொம்பச் சுலபமாகச் சொல்லப்படும் தீர்ப்பு. பல என்சைம்களுக்கு அது சரியாகவும் இருக்கும். ஈ. கோலை பாக்டீரியாவின் எஸ்.எஸ்.பி.க்குப் (SSB) பெரும்பாலும் சரிவராது. ஒற்றை இழை டி.என்.ஏ.வைப் பிடித்துக் காக்கும் இந்தப் புரதத்தைக் கொதிக்கிற சூட்டில் 2 நிமிடம் வைத்து எடுத்தாலும் வேலை செய்யும். டி.என்.ஏ. ஆய்வாளர் ஆர்தர் கோர்ன்பெர்க்கின் குழுவினர் 1970களிலேயே இந்தக் குணத்தைப் பதிவுசெய்துவிட்டார்கள். அவ்வளவு லேசில் சாகாத ஒன்று மக்கர் பண்ணுகிறது என்றால், கோளாறு பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும்: பஃபரின் உப்பில், நாம் போட்ட செறிவுக் கணக்கில், அல்லது புரதத்தின் வாலில். ஃப்ரீசரிலிருந்து எடுத்துக் குப்பையில் போடுவதற்கு முன் இந்த மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

அறிகுறிகளுக்குப் போகும் முன் கொஞ்சம் அடிப்படை. எஸ்.எஸ்.பி. நான்கு ஒரே மாதிரி அலகுகள் சேர்ந்த டெட்ராமர். ஓர் அலகு ஏறக்குறைய 19 கிலோடால்டன், நான்கும் சேர்ந்து 75 கிலோடால்டன். ஒவ்வொரு அலகிலும் முன்பகுதி மடிந்து இறுகியிருக்கும், டி.என்.ஏ.வைப் பிடிப்பது அதுதான். பின்பகுதி எந்த வடிவமும் இல்லாமல் தொங்கும் நீண்ட வால். வாலின் நுனியில் உள்ள கடைசி 9 அமினோ அமிலங்களில் ஆஸ்பார்ட்டிக் அமிலம் மட்டுமே 4. அதனால் அந்த நுனி எதிர்மின் சுமை நிறைந்தது. டி.என்.ஏ. பழுதுபார்ப்பிலும் நகலெடுப்பிலும் வேலை செய்யும் பத்துக்கும் மேற்பட்ட புரதங்கள் இந்த நுனியைத்தான் பிடித்துக்கொள்கின்றன.

இனி உப்பு. எஸ்.எஸ்.பி. ஒரே விதமாக டி.என்.ஏ.வைப் பிடிப்பதில்லை. சோடியம் குளோரைடு 200 மில்லிமோலாருக்கு மேல் இருந்தால் டி.என்.ஏ. நான்கு அலகுகளையும் சுற்றிக்கொள்ளும். ஒரு டெட்ராமர் 65 நியூக்ளியோடைடு இடத்தை மறைக்கும். இதை 65 நிலை என்கிறோம். உப்பு 10 மில்லிமோலாருக்குக் கீழே போனால், அதிலும் புரதம் டி.என்.ஏ.வை விட மிஞ்சி இருந்தால், சராசரியாக இரண்டு அலகுகள் மட்டும் பிடிக்கும். மறைவது 35 நியூக்ளியோடைடு. இந்த 35 நிலையில் டெட்ராமர்கள் ஒன்றை ஒன்று ஒட்டி வரிசையாகச் சேரும். இடைப்பட்ட உப்பில் 56 என்று இன்னொரு நிலையும் உண்டு. மக்னீசியம் சில மில்லிமோலார் சேர்ந்தாலே நிலை மாறிவிடும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் டிமோதி லோமன் குழு பல ஆண்டுகள் பொறுமையாக அளந்து சொன்ன விஷயம் இது. கீழே வரும் அறிகுறிகளில் பாதிக்கு மேல் இதிலிருந்துதான் முளைக்கின்றன.

அறிகுறி: செல்லை உடைத்துச் சுழற்றினால் புரதம் முழுக்க பெல்லட்டில் (அடியில் படியும் கட்டியில்) இருக்கிறது

இன்க்ளூஷன் பாடி (செல்லுக்குள் கரையாமல் திரண்ட புரதம்) என்று உடனே யூரியாவைத் தேடிப் போக வேண்டாம். எஸ்.எஸ்.பி. நன்றாகக் கரையும் புரதம். ஆனால் உடைத்த செல்லில் நியூக்ளிக் அமிலம் ஏராளம். குறைந்த உப்பில் உடைத்தால் அதோடு சேர்ந்து இறங்கிவிடும். லைசிஸ் பஃபரில் உப்பை 500 மில்லிமோலாருக்கு ஏற்றி, டி.என்.ஏ.வை வெட்டும் டி.என்.ஏ.ஸ் என்சைம் போட்டோ நன்றாக சோனிகேட் செய்தோ (ஒலி அலையால் உடைத்தோ) பாருங்கள். மேலே தெளிந்த கரைசலுக்கு வந்துவிட்டால் சரி.

நியூக்ளிக் அமிலத்தைப் படியவைக்கும் பாலிஎத்திலீன்இமின் போடும் பழைய முறையில் போகிறவர்களுக்கு இது பிழையே அல்ல. அந்த முறையில் எஸ்.எஸ்.பி. நியூக்ளிக் அமிலத்தோடு சேர்ந்து பெல்லட்டுக்குத்தான் போக வேண்டும். பிறகு 0.4 மோலார் உப்பில் பெல்லட்டை மெதுவாகக் கரைத்தால் எஸ்.எஸ்.பி. வெளியே வரும், நியூக்ளிக் அமிலம் அங்கேயே தங்கும். அதன்பின் லிட்டருக்கு 150 கிராம் அமோனியம் சல்ஃபேட் போட்டாலே எஸ்.எஸ்.பி. படிந்துவிடும், பெரும்பாலான மற்ற புரதங்கள் அந்தக் குறைந்த அளவில் படியாது. டேக் (சுத்திகரிக்க வசதியாகப் புரதத்தில் ஒட்டும் சிறு துண்டு) எதுவும் இல்லாமல் இவ்வளவு சுத்தமாக வரும் புரதங்கள் குறைவு. என்னைக் கேட்டால், டேகைப் பிடிக்கும் நிக்கல் ரெசின் இருக்கிறதே என்பதற்காக இந்த முறையை விட்டுவிடக் கூடாது.

இதில் ஒரே ஓர் இடம் கையைக் கடிக்கும். 0.4 மோலார் உப்பில் பெல்லட்டைக் கரைக்கும்போது பிப்பெட்டால் வேகமாக அடித்துக் கலக்கினால் நியூக்ளிக் அமிலமும் கூட வரும். பெல்லட்டைக் கண்ணாடிக் கம்பியாலோ மென்மையான பிரஷ்ஷாலோ நசுக்கி, குளிர்ந்த அறையில் அரை மணிநேரமாவது மெல்லச் சுழல விடுங்கள்.

அறிகுறி: டயாலிசிஸ் பையில் கலங்கிப்போய்விட்டது

மாலையில் தெளிவாக இருந்தது, காலையில் பார்த்தால் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி இருக்கிறது. நிறையப் பேர் இந்தக் கட்டத்தில்தான் புரதத்தைத் தூக்கி எறிகிறார்கள். பாதி பேராவது நல்ல புரதத்தை எறிந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கலங்கியதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, நிஜமாகவே திரண்டு கெட்டுப்போனது. மற்றொன்று, எஸ்.எஸ்.பி. திரவத் துளிகளாகப் பிரிந்து நிற்பது. 2020ல் புடாபெஸ்டின் ஆய்வாளர்கள் எஸ்.எஸ்.பி. இப்படித் துளிகளாகப் பிரியும் என்று காட்டினார்கள். ஒரு டெட்ராமரின் வால் நுனி இன்னொன்றின் டி.என்.ஏ. பிடிக்கும் பகுதியில் போய் ஒட்டுவதால் இது நடக்கிறது. குளோரைடு அதிகமானால் இந்த ஒட்டு விடும். செல்லுக்குள் இருப்பது பெரும்பாலும் குளுட்டமேட் என்பதால் அங்கே ஒட்டு நிலைக்கும். வால் நுனியை வெட்டிவிட்டால் துளிகள் உருவாவது குறைந்துவிடும். ஒற்றை இழை டி.என்.ஏ. போதுமான அளவு வந்தால் துளிகள் கரைந்துவிடும்.

எனவே சோதனை எளிது. கலங்கியதில் 20 மைக்ரோலிட்டர் எடுத்து இரண்டு ட்யூபில் பிரியுங்கள். ஒன்றில் சோடியம் குளோரைடு 300 மில்லிமோலார் வரும்படி சேருங்கள். மற்றொன்றில் உப்பைத் தொடாமல், டி.டி. 70 (70 தைமின் கொண்ட ஒற்றை இழை) போன்ற ஓலிகோவைப் (சிறு டி.என்.ஏ. துண்டைப்) புரதத்துக்குச் சமமாகவோ கொஞ்சம் கூடவோ போடுங்கள். சில நிமிடங்களில் இரண்டுமே தெளிந்தால் அவை துளிகள். உங்கள் புரதம் நன்றாக இருக்கிறது, டயாலிசிஸ் பஃபரில் மட்டும் உப்பை ஏற்றுங்கள். உப்பிலும் தெளியவில்லை, ஓலிகோவிலும் தெளியவில்லை என்றால் அது திரண்டது. சுழற்றி எடுத்துவிட்டு மேலே இருப்பதன் செறிவைப் புதிதாக அளக்க வேண்டியதுதான். மைக்ரோஸ்கோப் பக்கத்தில் இருந்தால் ஒரு சொட்டை ஸ்லைடில் வைத்துப் பாருங்கள்: துளிகள் உருண்டையாக இருக்கும், ஒன்றோடொன்று மோதினால் கலந்து ஒன்றாகும். திரண்டது ஒழுங்கற்ற கட்டிகளாகத் தெரியும்.

சேமிப்புக்கு 0.5 மோலார் உப்பும் 50 சதவீதக் கிளிசராலும் உள்ள பஃபர் வழக்கமானது. மைனஸ் 20ல் உறையாமல் இருக்கும், கலங்கவும் கலங்காது. ஆனால் அந்த 0.5 மோலார் உப்பு பிறகு வேறோர் இடத்தில் தொல்லை தரும். அதைக் கீழே பார்ப்போம்.

அறிகுறி: 260 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சும் அளவு அதிகமாக இருக்கிறது

நியூக்ளிக் அமிலம் கூட வந்திருக்கிறது. சுத்தமான எஸ்.எஸ்.பி.யில் 280ன் அளவு 260ன் அளவை விடத் தெளிவாகக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டும் சமம் என்றால் மேலே சொன்ன பாலிஎத்திலீன்இமின் கட்டத்தை மறுபடி செய்யுங்கள், அல்லது அதிக உப்பில் கழுவி ஹெப்பாரின் ரெசினில் ஏற்றுங்கள். 320லும் ஒரு தடவை பாருங்கள். அங்கே பூஜ்யமாக இல்லை என்றால் கரைசல் கலங்கியிருக்கிறது, 280ன் எண்ணையும் நம்ப முடியாது.

அறிகுறி: டைட்ரேஷனில் (ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அளக்கும் முறையில்) முறிவு தப்பான இடத்தில் வருகிறது

அதிகக் குழப்பம் நடக்கும் இடம் இதுதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

முதலில் செறிவு. டெட்ராமராகக் கணக்கிட்டால் எஸ்.எஸ்.பி.யின் 280 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சும் குணகம் ஒரு மோலாருக்கு ஒரு சென்டிமீட்டருக்கு 1,13,000. மில்லிகிராம் கணக்கில், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் இருந்தால் 1.5 காட்டும். உங்கள் கியூவெட் 0.565 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது 5 மைக்ரோமோலார் டெட்ராமர். அதையே மானோமராக, அதாவது ஒற்றை அலகாகச் சொன்னால் 20 மைக்ரோமோலார். ட்யூபின் மேல் வெறுமனே "5" என்றோ "20" என்றோ எழுதிவைத்துவிட்டுப் போகும் ஆள், அடுத்து அதை எடுக்கிற ஆளுக்கு நான்கு மடங்கு பிழையைப் பரிசாகக் கொடுத்துவிட்டுப் போகிறார். கடையில் வாங்கிய எஸ்.எஸ்.பி. என்றால் அதன் செறிவு எந்தக் கணக்கில் சொல்லப்பட்டிருக்கிறது என்பதைத் தாளில் தேடிப் பாருங்கள்.

டி.என்.ஏ. பக்கத்திலும் இதே கதை. டி.டி. 70 ஒரு மைக்ரோமோலார் என்றால் நியூக்ளியோடைடு கணக்கில் 70 மைக்ரோமோலார். ரெக்ஏ (டி.என்.ஏ. மீது இழையாகக் கட்டும் இன்னொரு புரதம்) ஆட்கள் பெரும்பாலும் நியூக்ளியோடைடு கணக்கில் எழுதுவார்கள், எஸ்.எஸ்.பி. ஆட்கள் மூலக்கூறு கணக்கில் எழுதுவார்கள். ஒருவர் குறிப்பைப் பார்த்து இன்னொருவர் செய்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது முறிவு. டிரிப்டோஃபான் ஒளிர்வைப் பார்த்து டைட்ரேஷன் செய்வதுதான் நிலையான முறை. ஒவ்வொரு அலகிலும் 4 டிரிப்டோஃபான் உண்டு, டி.என்.ஏ. பிடித்தால் ஒளிர்வு குறையும். 0.3 மோலார் உப்பில் டி.டி. 70 சேர்த்துக்கொண்டே போனால், ஒரு டெட்ராமருக்கு ஒரு ஓலிகோ என்ற இடத்தில் கோடு சட்டென்று முறிந்து தட்டையாக வேண்டும். ஒளிர்வு சுமார் 90 சதவீதம் குறைந்திருக்கும்.

ஒளிர்வு 90 சதவீதம் குறைந்தது, ஆனால் முறிவு எதிர்பார்த்ததற்கு நான்கில் ஒரு பங்கிலோ நான்கு மடங்கிலோ வருகிறது என்றால் அது டெட்ராமர், மானோமர் குழப்பம். புரதத்தைத் தொட வேண்டாம், கணக்கைத் திருத்துங்கள். ஒளிர்வு பாதி அளவே குறைந்து, ஓர் ஓலிகோவுக்கு இரண்டு டெட்ராமர் என்று முறிவு வந்தால் நீங்கள் 35 நிலையில் இருக்கிறீர்கள். உப்பு நினைத்ததை விடக் குறைவு. உப்பை 0.3 மோலாருக்கு ஏற்றிப் பாருங்கள், கோடு இடம் மாறும். உப்பு சரி, கணக்கும் சரி, ஆனால் முறிவு பாதி டி.என்.ஏ.விலேயே வந்துவிடுகிறது என்றால் மட்டும் புரதத்தில் ஒரு பங்கு வேலை செய்யவில்லை என்று சந்தேகப்படலாம். அப்போதும் ஓலிகோவின் செறிவை ஒருமுறை சரிபார்த்துவிட்டுச் சந்தேகப்படுங்கள். விற்பவர் ட்யூபில் எழுதித் தரும் எண்ணை நம்பாமல் 260ல் நீங்களே அளங்கள்.

மேலே சேமிப்பு பஃபரின் உப்பு தொல்லை தரும் என்றேன் அல்லவா? 10 மில்லிமோலார் உப்புள்ள 18 மைக்ரோலிட்டர் வினைக்கலவையில் 0.5 மோலார் உப்புள்ள ஸ்டாக்கிலிருந்து 2 மைக்ரோலிட்டர் ஊற்றினால், இறுதி உப்பு கிட்டத்தட்ட 60 மில்லிமோலார். நீங்கள் 35 நிலையை ஆராய்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்; ட்யூபில் இருப்பது வேறொன்று. அதைவிட மோசம், புரதத்தைக் கூட்டிக்கூட்டி ஊற்றும் டைட்ரேஷனில் ஒவ்வொரு புள்ளியிலும் உப்பு வேறு. வழி இரண்டு: புரதத்தை முதலிலேயே வினை பஃபருக்கு மாற்றிவிடுங்கள், இல்லை ஒவ்வொரு ட்யூபிலும் சேமிப்பு பஃபரின் மொத்த அளவு ஒன்றாக இருக்கும்படி வெறும் பஃபரால் நிரப்புங்கள்.

விளக்கு வெளிச்சத்தில் டிரிப்டோஃபான் மங்குவதும் ஒளிர்வு குறைவதாகத்தான் தெரியும். அளக்காத நேரத்தில் ஷட்டரை மூடிவையுங்கள். டி.என்.ஏ. இல்லாமல் வெறும் பஃபர் ஊற்றி ஓர் ஓட்டம் ஓட்டினால் எவ்வளவு மங்குகிறது என்று தெரிந்துவிடும்.

எஸ்.எஸ்.பி. வேறு பாக்டீரியாவிலிருந்து வந்தது என்றால் இந்த எண்களை அப்படியே எடுக்காதீர்கள். டைனோகாக்கஸ் எஸ்.எஸ்.பி. டைமர்தான், ஓர் அலகிலேயே டி.என்.ஏ. பிடிக்கும் மடிப்பு இரண்டு உண்டு. காசநோய் பாக்டீரியாவின் எஸ்.எஸ்.பி. டெட்ராமர் என்றாலும் அலகுகள் அடுக்கியிருக்கும் விதம் ஈ. கோலையுடையது போல இல்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் விஜயன், வர்ஷ்னே குழுவினர் 2003ல் அதன் வடிவத்தை வெளியிட்டபோது இது தெரியவந்தது.

அறிகுறி: ஒவ்வொரு முறையும் பிணைப்பு மாறிலி (பிடியின் வலுவைச் சொல்லும் எண்) வேறு எண்ணாக வருகிறது

100 நானோமோலார் டி.என்.ஏ. வைத்துச் செய்தால் பாதிப் பிணைப்பு 50 நானோமோலார் புரதத்தில் வருகிறது. 1 மைக்ரோமோலார் டி.என்.ஏ. வைத்தால் 500 நானோமோலாரில் வருகிறது. இப்படி டி.என்.ஏ. செறிவோடு சேர்ந்து நகரும் எண் பிணைப்பு மாறிலியே அல்ல. எஸ்.எஸ்.பி. அவ்வளவு இறுக்கமாகப் பிடிக்கிறது. ஊற்றியதெல்லாம் பிடித்துக்கொள்கிறது, நீங்கள் அளந்தது அளவு விகிதத்தை மட்டும்தான். இந்த எண்ணை மாறிலி என்று எழுதி அனுப்பினால் கூர்மையான மதிப்பாய்வாளர் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்.

பிடியைத் தளர்த்தினால்தான் மாறிலியை அளக்க முடியும். சோடியம் புரோமைடை மோலார் அளவுக்கு ஏற்றி அளந்து, உப்போடு மாறிலி எப்படி மாறுகிறது என்று பார்ப்பது லோமன் குழு கையாண்ட வழி. டி.டி.க்குப் பதிலாக எஸ்.எஸ்.பி. தளர்வாகப் பிடிக்கும் டி.ஏ. (அடினின் இழை) அல்லது பாலி யூ (யுராசில் ஆர்.என்.ஏ. இழை) பயன்படுத்துவது இன்னொரு வழி.

அறிகுறி: பிடிக்கவே இல்லை

இது அபூர்வம். முதலில் ஓலிகோவைச் சந்தேகியுங்கள். 20 நியூக்ளியோடைடுக்கும் குறைந்த ஓலிகோவை எஸ்.எஸ்.பி. லேசாகத்தான் பிடிக்கும். ஜி நிறைந்த வரிசை பொட்டாசியத்தில் நான்கிழையாக மடிந்து இறுகிக்கொள்ளும். மக்னீசியத்தில் ஹேர்பின் கட்டும். இவற்றை எஸ்.எஸ்.பி. பிரித்துவிடக்கூடியதுதான், ஆனால் நேரம் எடுக்கும். ஒரு ட்யூபில் உங்கள் ஓலிகோவுக்குப் பதில் டி.டி. 70 வைத்துச் செய்து பாருங்கள். அதில் பிடித்தால் புரதத்துக்கு ஒன்றுமில்லை.

அறிகுறி: ஜெல்லில் பேண்ட் கிணற்றிலேயே நிற்கிறது, அல்லது தேய்த்த மாதிரி நீள்கிறது

கிணற்றில் நிற்பது பெரும்பாலும் குறைந்த உப்பும் அதிகப் புரதமும் சேர்ந்த விளைவு. 35 நிலையில் டெட்ராமர்கள் வரிசையாக ஒட்டிக்கொண்டு ஜெல்லுக்குள் நுழைய முடியாத அளவுக்குப் பெரிதாகிவிடும். துளிகளாகப் பிரிந்தாலும் இதே கதிதான். புரதத்தைக் குறையுங்கள்.

பலர் மறந்துபோகும் ஒரு விஷயம்: வினையை 300 மில்லிமோலார் உப்பில் செய்தாலும், ஜெல்லில் ஓடும்போது அது இருப்பது ஜெல் பஃபரின் உப்பில்தான். வழக்கமான ஜெல் பஃபரான அரை டி.பி.ஈ.யில் உப்பு மிகக் குறைவு. அதனால் ட்யூபில் ஒரு டெட்ராமர் பிடித்திருந்த டி.டி. 70, ஜெல்லில் இரண்டு டெட்ராமர் பிடித்ததாகத் தெரியலாம். ஜெல்லில் இரண்டு பேண்ட் வந்ததை வைத்து வினைக்கலவையின் நிலையைத் தீர்மானிக்காதீர்கள். நிலையைத் தெரிந்துகொள்ள ஒளிர்வு, ஜெல் பார்ப்பதற்கு அழகு, அவ்வளவுதான்.

பேண்ட் தேய்ந்து நீள்வது ஓடும்போதே பிரிவதால். ஜெல்லைக் குளிர்ந்த அறையில் குறைந்த வோல்ட்டில் ஓட்டுங்கள்.

பி.சி.ஆரில் எஸ்.எஸ்.பி. அல்லது டி4 ஃபேஜின் (பாக்டீரிய வைரஸின்) அதே வகைப் புரதமான ஜி.பி. 32 சேர்த்தபின் பேண்ட் கிணற்றில் நிற்கிறது என்றால் காரணம் இன்னும் எளிது: புரதம் டி.என்.ஏ.வை விடவில்லை. லோடிங் டையில் எஸ்.டி.எஸ். (புரதத்தை அவிழ்க்கும் சோப்பு) சேர்த்து 65 டிகிரியில் 10 நிமிடம் வைத்து ஏற்றுங்கள், அல்லது புரோட்டினேஸ் கே போடுங்கள்.

அறிகுறி: 37 டிகிரியில் வைத்தால் ஓலிகோ கரைந்துபோகிறது

எஸ்.எஸ்.பி. டி.என்.ஏ.வை வெட்டாது. கூட வந்தது வெட்டுகிறது. எக்ஸோநியூக்ளியேஸ் 1 எஸ்.எஸ்.பி.யின் வால் நுனியைப் பிடித்துக்கொள்ளும் புரதங்களில் ஒன்று. எனவே உங்கள் சுத்திகரிப்பில் அது தொற்றிக்கொண்டு வருவதில் ஆச்சரியம் இல்லை.

மக்னீசியத்தைப் பிடித்துவைக்கும் ஈ.டி.டி.ஏ. உள்ள பஃபரில் ஓலிகோ பத்திரமாக இருந்து, மக்னீசியம் உள்ள பஃபரில் மட்டும் அழிந்தால் நியூக்ளியேஸ்தான். எந்த வகை என்று தெரிய வட்ட வடிவ எம்13 டி.என்.ஏ.வையும் ஒரு நேர் ஓலிகோவையும் தனித்தனியாக 37 டிகிரியில் ஒரு மணிநேரம் வையுங்கள். நேர் இழை மட்டும் அழிந்து வட்டம் அப்படியே இருந்தால், முனையிலிருந்து தின்னும் எக்ஸோநியூக்ளியேஸ். வட்டமும் உடைந்தால் இடையில் வெட்டும் எண்டோநியூக்ளியேஸ். அது வேறு எங்கிருந்தோ வந்தது, ஆட்டோகிளேவ் செய்யாத ட்யூபுகளையும் சேர்த்துச் சந்தேகியுங்கள். முனையில் ஃப்ளூரோ லேபிள் உள்ள ஓலிகோவில் 3 பிரைம் பக்கம் லேபிள் இருந்தால் எக்ஸோநியூக்ளியேஸ் 1 முதல் கடியிலேயே அதைக் கழற்றிவிடும். முழு ஓலிகோவே அழிந்தது போலத் தெரியும். 5 பிரைம் பக்க லேபிளில் பார்த்தால்தான் எவ்வளவு தின்றது என்று ஏணி போலத் தெரியும்.

வால் நுனியின் பிடி மின்சுமையைச் சார்ந்தது என்பதால் உப்பு அதைத் தளர்த்தும். ஒற்றை இழை டி.என்.ஏ. செல்லுலோஸில் ஏற்றி உப்பை உயர்த்திக் கழுவுங்கள். தொற்றிக்கொண்டு வந்த மற்றப் புரதங்கள் கழன்று போகும் உப்பிலும் எஸ்.எஸ்.பி. டி.என்.ஏ.வை விடாமல் இருக்கும்.

அறிகுறி: டி.என்.ஏ.வை நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் கூட்டாளிப் புரதம் வருவதில்லை

ரெக்க்யூ, பிரைஏ, பாலிமரேஸ் 3ன் கை (chi) அலகு போன்ற கூட்டாளிகளில் எது வராவிட்டாலும் வாலைப் பாருங்கள்.

நீங்கள் ஹிஸ்டிடின் டேகை எந்தப் பக்கம் வைத்தீர்கள்? வால் பக்கம் என்றால் பதில் அங்கேயே இருக்கிறது. கூட்டாளிகள் பிடிப்பது கடைசி ஃபினைல்அலனினையும் அதன் நுனியில் உள்ள கார்பாக்சில் தொகுதியையும். அதற்குப் பின்னால் டேகை ஒட்டினால் நுனி நுனியாக இல்லை. தலைப்பக்கம் வையுங்கள், இயன்றால் வெட்டி எடுத்துவிடுங்கள். எஸ்.எஸ்.பி. 113 என்று பழைய மரபணு ஆய்வுகளில் வரும் மாற்றுருவில் நுனிக்கு முந்தைய புரோலின் செரினாக மாறியிருக்கிறது; அந்த ஒற்றை மாற்றமே செல்லைச் சூட்டில் வாழவிடாமல் செய்கிறது. அந்த நுனிக்கு அவ்வளவு மதிப்பு.

டேக் இல்லை என்றால் புரோட்டியேஸ் (புரதத்தை வெட்டும் என்சைம்). எஸ்.டி.எஸ். ஜெல்லை 15 சதவீதத்தில் ஓட்டி, 19 கிலோடால்டன் பேண்டுக்குச் சற்றுக் கீழே மெல்லிய நிழல் பேண்ட் தெரிகிறதா என்று பாருங்கள். வடிவமில்லாத வால் புரோட்டியேஸுக்கு வசதியான இரை: கைமோடிரிப்சின் 135வது இடத்திலும் டிரிப்சின் 115வது இடத்திலும் வெட்டும். வால் போன மிச்சம் டி.என்.ஏ.வைப் பழையபடி, சொல்லப்போனால் இன்னும் இறுக்கமாகவே பிடிக்கும். அதனால்தான் ஒளிர்வு டைட்ரேஷன் இந்தக் கோளாறைக் காட்டிக்கொடுக்காது. உடைக்கும்போதே புரோட்டியேஸைத் தடுக்கும் பி.எம்.எஸ்.எஃப். சேருங்கள், பழைய ஸ்டாக் என்றால் ஜெல் ஓட்டாமல் கூட்டாளிச் சோதனையைத் தொடங்காதீர்கள்.

இதற்கு நேர்மாறான அறிகுறியும் உண்டு: வாலே இல்லாத மாற்றுருவைத் தயாரித்தீர்கள், ஆனாலும் கூட்டாளி கொஞ்சம் வருகிறது. எஸ்.எஸ்.பி. இல்லாமல் ஈ. கோலை வாழாது. ஆகவே நீங்கள் பயன்படுத்திய செல்லில் அதன் சொந்த எஸ்.எஸ்.பி.யும் இருந்தது. அந்த அலகுகள் உங்கள் மாற்றுருவோடு கலந்து கலப்பு டெட்ராமர்களாகச் சேர்ந்து வந்திருக்கும். மாஸ் ஸ்பெக்ட்ராவில் முழு நீள அலகு தெரிகிறதா என்று பாருங்கள். வெளிப்பாட்டை எவ்வளவு ஏற்றுகிறீர்களோ அவ்வளவுக்கு இந்தக் கலப்படம் குறையும்.

அறிகுறி: ரெக்ஏ இழை மாற்றத்தில் (இரு டி.என்.ஏ.க்கள் இழையை மாற்றிக்கொள்ளும் வினையில்) எஸ்.எஸ்.பி. சேர்த்தால் எதுவும் நடப்பதில்லை

எதை முதலில் ஊற்றினீர்கள்? எஸ்.எஸ்.பி. முதலில் போய் டி.என்.ஏ.வை மூடிவிட்டால் ரெக்ஏ இழை கட்டத் தொடங்க இடமே கிடைக்காது. ரெக்ஏ முதலில் ஏறி, அதன்பின் ஏ.டி.பி.யோடு எஸ்.எஸ்.பி. வந்தால் நல்லது; ஹேர்பின் மடிப்புகளைப் பிரித்து, ரெக்ஏ விட்ட இடைவெளிகளை நிரப்ப உதவும். எஸ்.எஸ்.பி. இல்லாவிட்டாலும் வினை மந்தம், முந்திக்கொண்டாலும் மந்தம். வரிசைதான் விஷயம்.

அளவும் முக்கியம். எம்13எம்பி18 வட்டத்தில் 7249 நியூக்ளியோடைடு. 65 நிலையில் ஒரு வட்டத்தை முழுக்க மூட சுமார் 112 டெட்ராமர் வேண்டும், 35 நிலையில் 207. இழை மாற்ற வினையில் மக்னீசியம் 10 மில்லிமோலார் இருக்கும், ஆக 65 நிலையை வைத்துக் கணக்குப் போடுங்கள். இதைவிடப் பல மடங்கு ஊற்றுவது வீண்.

செல்லில் நடப்பது போல எஸ்.எஸ்.பி. முதலில் மூடியே இருக்க வேண்டும் என்பது உங்கள் கேள்வி என்றால் ரெக்ஓவும் ரெக்ஆரும் சேர்க்க வேண்டும், எஸ்.எஸ்.பி. மூடிய டி.என்.ஏ.வில் ரெக்ஏவை ஏற்றிவிடுவது அவைதான். அவை கைவசம் இல்லாவிட்டால் ஏ.டி.பி.க்குப் பதில் டி.ஏ.டி.பி. வைத்துப் பாருங்கள், ரெக்ஏ எஸ்.எஸ்.பி.யோடு போட்டி போடுவதில் கொஞ்சம் தெம்பாகிவிடும்.

மனித ஆர்.பி.ஏ. வைத்திருப்பவர்களுக்கு

மேலே உள்ள உப்புக் கணக்கை இங்கே கொண்டுவர வேண்டாம். மனித செல்லில் எஸ்.எஸ்.பி.யின் வேலையைச் செய்யும் ஆர்.பி.ஏ., 70, 32, 14 கிலோடால்டன் கொண்ட மூன்று வெவ்வேறு அலகுகளின் கூட்டு. மறைக்கும் இடம் 30 நியூக்ளியோடைடு அளவு. 14 அலகு காணோம் என்று பதறுகிறவர்கள் பெரும்பாலும் 10 சதவீத ஜெல்லில் ஓட்டி அதை அடிவழியே வெளியே அனுப்பியிருப்பார்கள். 15 சதவீதத்தில் ஓட்டுங்கள். 70 அலகில் துத்தநாகம் பிடிக்கும் இடம் ஒன்று உண்டு, அதனால் ஈ.டி.டி.ஏ.வைத் தாராளமாக ஊற்றாதீர்கள், டி.டி.டி. மறக்காமல் சேருங்கள். ஈ. கோலையில் தயாரித்த ஆர்.பி.ஏ.யில் 32 அலகில் பாஸ்பேட் இருக்காது. மனித செல்லிலிருந்து எடுத்ததில் அந்த அலகு இரண்டு மூன்று பேண்டாகப் பிரிந்து தெரிந்தால் அது சிதைவு அல்ல, செல்லில் டி.என்.ஏ. சேதமானபோது ஏறிய பாஸ்பேட்டாக இருக்கலாம். பாஸ்பட்டேஸ் போட்டு ஓட்டினால் மேலே நின்ற பேண்டுகள் ஒன்றாகக் கீழே இறங்கிவிடும்.